அறிக்கையில் ஒரு சொல்

துக்க வீட்டு வழக்கப்படி கூடத்துக் கண்ணாடியைப் படுக்கை விரிப்பால் மூடிக்கொண்டிருந்தபோது மிதுனாவின் கைப்பேசி மறுபடி அடித்தது. கட்சி அலுவலகம். விடிந்ததிலிருந்து ஓயவில்லை.

அவளுடைய மாமனார் அய்னார் மெண்டல் முந்தின நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஒஸ்லோ நகர அரசில் போக்குவரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்; பிறகு நாட்டு அரசில் துணை அமைச்சர். ட்ராம், பஸ், புறநகரான அம்மருட்டின் ரயில் நிலையத்துக்கு ஒரு லிஃப்ட் என்றே அலைந்த மனிதர். ஆனால் மைக்கை நீட்டியவர்கள் கேட்டதெல்லாம் அவர் ஒருநாளும் குடியிருக்காத ஒரு நாட்டின் போரைப் பற்றி. "எனக்கு ட்ராம்தான் பொறுப்பு" என்பார் பொறுமையாக. மிதுனாவும் வட்டாரச் சபைக்குத் தெரிவானவள். அவளிடம் இலங்கையைப் பற்றிக் கேட்பார்கள். அந்தப் பொறுமையின் அலுப்பு அவளுக்குத் தெரியும்.

கைப்பேசியில் கட்சிக்காரர் அஞ்சலி அறிக்கையை வாசித்தார். "யூத சமூகத்தின் குரலாக ஒலித்த அய்னார் மெண்டல்..."

"அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்" என்றாள் மிதுனா.

"எந்தச் சொல்?" மாமியார் லிலியான் சமையலறையிலிருந்து கேட்டார்.

"யூத என்ற சொல். அவருக்குப் பிடிக்காது."

லிலியான் ஆறிப்போன கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்குக் கேள்விதான் பிடிக்காது. சொல் இல்லை. அவருடைய அப்பா நாஜிகள் வந்தபோது கதவிலிருந்த பெயரைக் கழற்றிவிட்டுச் சுவீடனுக்கு ஓடினவர். இவர் தேர்தல் போஸ்டரில் அதே பெயரைத்தான் பெரிதாகப் போட்டார்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குக் களைப்பாக இருக்கிறது மிதுனா."

மிதுனா விரிப்பின் ஓரத்தை இழுத்துச் செருகினாள். பிறகு கைப்பேசியைக் காதில் வைத்தாள். "யூதர் என்று இருக்கட்டும். குரல் என்பதை எடுங்கள். அவர் தனக்காகத்தான் பேசினார். ட்ராமைப் பற்றியும் எழுதுங்கள்."

யூதர் வழக்கப்படி அன்றைக்கே அடக்கம். மிதுனாவின் அம்மா சிவநாயகி அம்மருட்டிலிருந்து நேரே மயானத்துக்கு வந்திருந்தார். வாசலில் துப்பாக்கியோடு நின்ற பொலிஸைக் கண்டு மகளின் கையைப் பிடித்தார்.

"ஏன் பிள்ளை பொலிஸ் நிக்குது?"

"காவலுக்கம்மா."

"செத்த பிறகுமோ?"

"அவருக்கில்லை. வந்திருக்கிற எங்களுக்கு."

 அம்மா கைப்பையை இறுக அணைத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

பேச்சுகள் இல்லை, பூக்கள் இல்லை. மிதுனாவின் கணவன் டான் முதலில் மண் போட்டான். மண் அள்ளும் சவளை, வழக்கப்படி, கைக்குக் கை மாற்றாமல் மண்ணில் குத்திவிட்டு விலகினான். மிதுனா எடுத்துப் போட்டாள். ஈர மண் பெட்டியில் விழுந்த சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"சம்பந்திக்கு நானும் போடலாமோ?" அம்மா தாழ்ந்த குரலில் கேட்டார்.

மிதுனா லிலியானைப் பார்த்தாள். மொழி புரியாவிட்டாலும் லிலியான் தலையாட்டினார். அம்மா செருப்பைக் கழற்றப் போனார். குளிர் என்று மிதுனா தடுத்தாள்; செருப்போடேயே மண் போட்டார்.

வெளியே வரும்போது வாசலருகே ஒரு குழாய் இருந்தது. லிலியான் கை கழுவினார். மிதுனா பையில் துழாவி ஒரு டிஷ்யூவை நீட்டினாள்.

"மயானத்தில் கழுவிய கையைத் துடைப்பதில்லை" என்றார் லிலியான்.

மிதுனாவும் கழுவினாள். அம்மாவும் கழுவினார். மூவரும் காரின் பின்சீட்டில் ஏறி, நனைந்த கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, டான் வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.