இறக்கத்தில் வாங்கிய மூச்சு

பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள், காலை நீட்டிக்கொள்ள இடமிருக்கிறது. இறக்கத்தில் மூச்சு வாங்கிய ஒருத்தியின் கதையைச் சொல்லப்போகிறேன். ஏற்றத்தில் யாருக்குத்தான் மூச்சு வாங்காது? இறக்கத்தில் வாங்கினால்தானே அது கதை.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி. கடைக்குள் நுழைந்தால் ஒரு சுவர் முழுக்கப் பிரேம்கள், எதிர்ச் சுவரில் பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்துவரை இறங்கும் பலகை, நடுவே ஒரு சுழல்நாற்காலி. லென்ஸின் விளிம்பை இழைத்துப் பிரேமில் பொருத்தி, வந்தவர் மூக்கில் உட்கார வைத்து, காதோரம் இழுக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுந்தவர்களில் பாதிப்பேர் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: தரை சாய்கிறது. அவளும் ஒரே பதில்தான் சொல்வாள்: "தரை இருந்த இடத்துலதான் இருக்கு. கண்ணு பழகட்டும்."

வாரத்தில் கடை மூடுகிற நாளில் அவள் சைக்கிள் எடுப்பாள். துணைக்கு நாத்தனார் வருவாள். நாத்தனார் ரொட்டி சுடுகிறவள்; சேவலுக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டிப் பழகிய உடம்பு. எவ்வளவு கழுவினாலும் அவள் நகக்கண்ணில் மாவு இருக்கும், சைக்கிள் கைப்பிடியிலும் இருக்கும். இருவரும் ஓட்டுவது மலைமேல் இருக்கும் தேசியப் பூங்காவின் சாலையில். அங்கே ஹாரன் அடிக்கக் கூடாது, குரங்குக்குத் தீனி போடக் கூடாது, மான் குறுக்கே வந்தால் மனிதன்தான் நிற்க வேண்டும். பூங்காவுக்கு மேற்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு வாசல். இவர்கள் வருஷக்கணக்காக மேற்கு வாசலில் நுழைந்து, உச்சி ஏறி, கிழக்கே இறங்குகிறவர்கள்.

அந்த வழியில் உச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு மேடு வரும். ஊசியிலை மரங்களுக்கு நடுவே நீளமாக, நேராக எழும்பும் மேடு. மற்ற மேடுகளில் நாக்குத் தள்ளும் கண்ணாடிக்காரிக்கு அந்த மேடு மட்டும் வெண்ணெய். கியரைக் குறைக்காமல், ஒரு கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, சிரித்தபடியே ஏறுவாள். அவளுடைய வீட்டுக்காரர் ஒரு தடவை அதைப் படம் எடுத்துப் பெரிதாக்கிக் கடைச் சுவரில் மாட்டினார். அவர் வீடு வீடாகக் குழாய் பொருத்துகிறவர். எந்நேரமும் ரப்பர் வளையமும் ஈர இரும்பும் மணக்கிற வேன் அவருடையது. தனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாவிட்டாலும், கடைக்கு வருகிறவர்களிடம் படத்தைக் காட்டி, மேட்டைப் பாருங்கள், என் பெண்டாட்டி முகத்தைப் பாருங்கள் என்று சொல்லாமல் விடமாட்டார். இந்த மனுஷர் இருக்கிறவரைக்கும் தனக்கு விளம்பரப் பலகை வேண்டாம் என்பாள் அவள்.

போன குளிர்காலத்தில் அவளுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் மூச்சு இழுத்த சத்தத்தைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டவர் அவர்தான். குணமாகி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நுரையீரல் சுத்தம், தாராளமாகச் சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னது அவர் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

வெயில் வந்ததும் இருவரும் மலைக்குக் கிளம்பினார்கள். மழை மேற்குச் சாலையை அரித்துவிட்டதால் அந்த வாசலைப் பூட்டியிருந்தார்கள். சரி, கிழக்கே நுழைந்து உச்சிவரை ஏறித் திரும்புவோம் என்று போனார்கள். கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் அவள் பல்லைக் கடித்து ஏறிவிட்டாள். அதற்கப்புறம் வந்தது அதே நேர்ச்சாலை. எதிர்த்திசையில் வருகிறார்கள், ஆகவே மேடு இப்போது இறக்கம். மரங்களுக்கு நடுவே பாய் விரித்த மாதிரி கீழே சரிகிறது. இனி மிதிக்காமல் போகலாம் என்று அவள் காலை ஓய்த்தாள். சைக்கிள் நின்றுவிடப் பார்த்தது. மிதித்தாள். மூச்சு வாங்கியது. இன்னும் மிதித்தாள், நெஞ்சு அடித்துக்கொண்டது. பாதியில் இறங்கிச் சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு நாத்தனாரும் மெதுவாகத்தான் போனாள்; ஆனால் அவள் காலையில் தின்ற ரொட்டியின் மேல் பழியைப் போட்டுவிட்டாள்.

உச்சியில் வேனோடு காத்திருந்த வீட்டுக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுக்க அவள் மூச்சையே கவனித்துக்கொண்டு ஓட்டினார். ஏற்றத்தில் நின்றிருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பார். இறக்கத்தில் அல்லவா நின்றிருக்கிறாள்.

அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். "இன்னும் ஒரே ஒரு தடவை போ. அந்த இறக்கத்துல கால் ஊனினேன்னா, மலை வேணாம். ஊருக்குள்ள ஓட்டிக்கோ. அந்தச் சத்தத்தை இன்னொரு வாட்டி கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவள் சரி என்றாள். அவர் மேல் கோபம் வரவில்லை. தன் நெஞ்சின் மேல்தான் சந்தேகம் வந்தது. படுத்துக்கொண்டு கையை மார்பில் வைத்து, உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த விடுமுறையில் மறுபடி கிழக்கு வாசல், மறுபடி வளைவுகள். அன்று உடம்பு நன்றாகவே ஒத்துழைத்தது. நாத்தனாரைக்கூட ஒரு வளைவில் முந்தினாள். நேர்ச்சாலை வந்ததுமே பழைய கதை. கீழே சரியும் சாலையில், கல்லைக் கட்டி இழுக்கிற மாதிரி சைக்கிள் வரமாட்டேன் என்கிறது.

பின்னால் வந்த நாத்தனார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிரேக் ரிம்மில் உரசுகிறது, இறங்கு என்றாள். சைக்கிள்காரர்களுக்கு இது ஒரு வியாதி, கண்ணுகளா. கால் ஓயட்டும், காற்று எதிர்க்கட்டும், முதலில் திட்டு வாங்குவது பிரேக்தான். கண்ணாடிக்காரியும் அந்த அவசரத்தில் வீட்டுக்காரர் பேச்சை மறந்து இறங்கிவிட்டாள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார்கள். சக்கரம் பம்பரமாகச் சுற்றியது. எந்த உரசலும் இல்லை.

அப்போதுதான் கால் தரையில் இருப்பது அவளுக்கு உறைத்தது. ஊனியாகிவிட்டது. பிரேக்கிலும் குற்றமில்லை. அப்படியானால் மிச்சமிருப்பது நெஞ்சுதான். அவள் கட்டைச்சுவரில் சாய்ந்தாள். நாத்தனார் பக்கத்தில் வந்து, அண்ணனிடம் நான் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே என்றாள். சொல்லும்போதே அவளுக்கு வார்த்தைக்கு வார்த்தை இரைத்தது.

கண்ணாடிக்காரி நிமிர்ந்தாள். "உனக்கு ஏன்டி மூச்சு வாங்குது?"

"எனக்கு எப்பதான் வாங்கல அண்ணி?"

"இறக்கத்துலயுமா?"

நாத்தனார் தான் வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரி சுற்றிலும் பார்த்தாள். முதல் தடவையாக, சாலையைப் பார்க்காமல் சாலைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தாள். மரங்கள் அத்தனையும் காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தன. கட்டைச்சுவர் அந்தக் கோடியில் குட்டையாகவும் இந்தக் கோடியில் நெட்டையாகவும் இருந்தது. வானத்தின் கோடு எங்கேயும் தெரியாதபடி ஒரு மலைமுகடு சரிவாகக் குறுக்கே படுத்திருந்தது. நேராக இருப்பது என்று சொல்ல ஒரு பொருளும் இல்லை. தரை சாய்கிறது என்று சொல்லும் எத்தனை பேருக்கு அவள் பதில் சொல்லியிருப்பாள். தரைமேல் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இன்றைக்குப் பட்டாள்.

சைக்கிளிலிருந்து தண்ணீர் பாட்டிலை உருவி, குந்தி உட்கார்ந்து, தார்ச்சாலையில் கொஞ்சம் ஊற்றினாள். தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு அவர்கள் வந்த வழியே, மேட்டை நோக்கி, சாவகாசமாக ஏறிப் போயிற்று.

நாத்தனார் தன் பாட்டிலையும் கவிழ்த்தாள். அதுவும் ஏறியது. அவள் சைக்கிளில் உட்கார்ந்து இரண்டு காலையும் தூக்கிப் பார்த்தாள். சைக்கிள் பின்புறமாக அவளைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறத் தொடங்க, அலறிக்கொண்டே குதித்தாள். இருவரும் சாலை நடுவில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் ஒரு மான் எட்டிப்பார்த்துவிட்டுப் போயிற்று.

சிரிப்பு அடங்கும்போது கண்ணாடிக்காரிக்கு இன்னொன்று தைத்தது. இந்தப் பக்கத்திலிருந்து இறக்கமாகத் தெரிவது மேடு என்றால், அந்தப் பக்கத்திலிருந்து தெரியும் மேடு? அவள் வெண்ணெயாக ஏறிய மேடு? கடைச் சுவரில் சிரித்துக்கொண்டிருப்பது யார்? இவ்வளவு காலமும் ஓர் இறக்கத்தில் உருண்டுவிட்டு வீரம் பேசியிருக்கிறோம். நெஞ்சு திரும்பக் கிடைத்தது, பெருமை கையைவிட்டுப் போனது. இரண்டையும் எடை போட்டுப் பார்த்தாள். நெஞ்சே கனமாக இருந்தது.

நேரமாகிவிட்டதென்று உச்சியிலிருந்து நடந்தே தேடி வந்த வீட்டுக்காரர், தூரத்தில் பெண்டாட்டி சாலையில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்து, விழுந்துவிட்டாள் என்று நினைத்து ஓடி வந்தார். வந்தவருக்குக் கிடைத்தது இரண்டு காலிப் பாட்டில்களும் ஈரமான சாலையும்தான். அவள் எதையும் மறைக்கவில்லை. இறங்கினேன், காலும் ஊனினேன், இதைப் பாருங்கள் என்று அவருடைய பாட்டிலை வாங்கி ஊற்றினாள்.

குழாய்க்காரர் குனிந்து பார்த்தார். பெண்டாட்டியோடு வாதாடலாம், தங்கையோடு வாதாடலாம். அவர் பிழைப்பே தண்ணீரை நம்பித்தான், அதனோடு எப்படி வாதாடுவது? இருந்தாலும் வாய் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்கு இறக்கமாகத்தானே இருக்கிறது என்று முனகினார்.

"நான் மெதுவா மிதிக்கிறேன். நீங்க கூடவே நடந்து வாங்க," என்றாள் அவள்.

அவள் மிதித்தாள். அவர் பக்கத்தில் நடந்தார். சிறிய கியரில் அவள் நிதானமாகப் போனாள், மூச்சு வாங்கியது, ஏறும்போது வாங்குகிற அளவுக்கு வாங்கியது. அவரோ முதலில் அவள் நெஞ்சின் சத்தத்தையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரத்தில் வேறொரு சத்தம் அதை அமுக்கிவிட்டது. நேர்ச்சாலை முடியும் இடத்தில் அவர் இடுப்பில் கைவைத்து நின்றார். சட்டை நனைந்திருந்தது. தன்னுடைய மூச்சிரைப்பைத் தானே கேட்டார்.

"எனக்கு நிமோனியா வரலையே," என்றார்.

நாத்தனார் சொன்னாள், "வேன்லயே உக்காந்து உச்சிக்குப் போனா எந்த மலையும் இறக்கந்தான் அண்ணா."

அவர் தங்கையை முறைக்கவில்லை. அவளுடைய பாட்டிலும் காலி என்பதை அப்போதுதான் கவனித்தவர் மாதிரி, வேனில் தண்ணீர் இருக்கிறது, முன்னால் போங்கள், நான் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றார். அவர்கள் கிளம்பியபோது பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்: "அப்போ அந்தப் போட்டோ?"

"அது இறக்கம்ங்க," என்றாள் அவள், திரும்பாமல்.

போட்டோவை அவர் கழற்றவில்லை. மறுநாளே ஒருவர் கடையில் அதைப் பார்த்து, என்ன மேடு, என்ன தெம்பு என்று வியந்தார். குழாய்க்காரர் நேர்மையாக, அது இறக்கம், தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம் என்றார். அந்த மனிதர் நம்பவில்லை. பெண்டாட்டியின் கெட்டிக்காரத்தனத்தைப் பொறுக்காத புருஷன் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்ததும் சொன்னார், தரை சாய்கிறதே என்று.

கண்ணாடிக்காரி வழக்கமான பதிலுக்கு வாயெடுத்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, குனிந்து தரையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஏறுகிறவர்களுக்குக் காலில் பலம் இருக்கட்டும், இறங்குகிறவர்களுக்குப் பிரேக் பிடிக்கட்டும். சுலபமான இடத்தில் யாருக்காவது மூச்சு வாங்கினால், உனக்கென்ன வந்தது என்று கேட்காமல், கூட நடந்து பார்க்க ஒருவர் உங்கள் வாசலில் எப்போதும் இருக்கட்டும். குடத்தில் தண்ணீரும் நெஞ்சில் காற்றும் குறையாமல் நல்லா இருங்கள்.