இடது பக்க டயர்

நட்டு அசையவில்லை. மருமகள் ஸ்பேனரின் நுனியில் வலது காலை வைத்து, டிரெய்லர் மேலிருந்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழு உடம்பையும் ஏற்றி நின்றாள். துரு முனகியது. அவ்வளவுதான்.

காரின் முன் இருக்கையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"நல்லவேளை, கல்யாணத்துக்கு அப்புறம் நீ கொஞ்சம் சதை போட்டே. குதி."

"பேசாம உக்காருங்க அத்தை. மூச்சு வாங்குது உங்களுக்கு."

"மூச்சை மிச்சம் பிடிச்சு யாருக்குக் குடுக்கப் போறேன்?"

அவள் குதித்தாள். நட்டு கிறீச்சிட்டுத் திரும்பியது.

இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் மாமியாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். படகு மாமனார் வாங்கியது. அவர் போன பிறகும் மாமியார் தனியாகவே அதை ஏரிக்கு இழுத்துப் போய் மீன் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கரையில் மயங்கி விழுந்ததும், மகன் படகைக் கொட்டகையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். இன்று காலை அவன் வேலைக்குக் கிளம்பிய கையோடு மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னைப் படகுல உக்கார வை."

"உங்க பையன் என்னைக் கொன்னுடுவார்."

"என்னை முந்திக்கிட்டு நீ போக முடியாது. கிளம்பு."

மருமகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். டயர் மாற்றுவது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் ரொம்ப நாளாக ஒரே இடத்தில் நின்ற டிரெய்லரின் டயர், பக்கவாட்டில் பாளம் பாளமாக வெடித்திருந்ததைக் காலை அவசரத்தில் கவனிக்கவில்லை. பாதி வழியில் அது பிய்ந்துகொண்டது.

ஒரு லாரி வேகம் குறைத்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?"

"இருக்காங்கப்பா," என்றாள் மாமியார். "அவங்ககிட்டேருந்துதான் தப்பிச்சு வரோம்."

டிரைவர் சிரித்துவிட்டார். இறங்கி வந்து, அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்திருந்த கல்லைக் காலால் தட்டிப் பார்த்து, "கெட்டியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜாக்கியை அச்சுக்கு அடியில் கொடுத்து ஏற்றினாள். பழைய சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தாள்.

"ஸ்டெப்னில காத்து இருக்கா?"

"கொஞ்சம் கம்மி. போய்ச் சேந்துடலாம்."

"சேந்தா போதும்."

ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டி, நட்டுகளைக் கையால் முடுக்கினாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

"தண்ணி வேணுமா அத்தை?"

பதில் இல்லை. கோபமாக இருக்கும் என்று நினைத்தாள். பிறகு, இந்த மனுஷி கோபம் வந்தால் சும்மா இருக்கிறவள் இல்லையே என்று தோன்றி எழுந்து போனாள்.

மாமியாரின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. கண்கள் முன்னால் இருந்த சாலையைப் பார்த்தபடியே இருந்தன. மருமகள் கழுத்தில் விரல் வைத்தாள். மூக்கருகே கை வைத்தாள். மறுபடியும் கழுத்தில் வைத்தாள்.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. திரும்பிப் போய்ப் பழைய டயரை ஓங்கி உதைத்தாள். அது உருண்டு பள்ளத்தில் விழுந்தது.

போன் அடித்தது. கணவன்.

"சாப்பிட வீட்டுக்கு வந்தா அம்மாவைக் காணோம், படகைக் காணோம். என்ன பண்ணிட்டிருக்கே நீ?"

"டயர் மாத்திட்டிருக்கேன்."

"பைத்தியமா உனக்கு? அம்மாகிட்ட குடு."

"அம்மா போயிட்டாங்க."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"வீட்டுக்குக் கொண்டு வா," என்றான். "எல்லாரும் கேப்பாங்களே, என்ன சொல்றது? நடுரோட்டுல செத்தாங்கன்னா?"

"ரோட்டுல சாகல. போற வழியில செத்தாங்க. ரெண்டும் ஒண்ணில்ல."

"நான் சொல்றதைக் கேளு..."

"வீட்டுக்குக் கொண்டு வரேன். படகுல உக்கார வெச்ச பிறகு."

"நீ யாரு அதை முடிவு பண்ண?"

"அவங்க முடிவு பண்ணினது. நான் ஓட்டுறவ. இன்னும் நட்டு முறுக்கணும், வெச்சிடறேன்."

ஜாக்கியை இறக்கி, ஒவ்வொரு நட்டின் மேலும் ஏறி நின்று இறுக்கினாள். மாமியாரின் இமைகளை மூடிவிட்டு, சால்வையைச் சரிசெய்து, சீட் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். சாலையில் மெதுவாகவே போனாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஏரிக்கரைச் சரிவில் டிரெய்லரைப் பின்பக்கமாக இறக்கி, படகைத் தண்ணீரில் நழுவவிட்டுக் கயிற்றைக் கட்டியபோது, கணவனின் பைக் வந்து நின்றது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே காருக்குள் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். அவள் கார்க் கதவை மறித்து நின்றாள்.

"சண்டை போடறதுன்னா போடுங்க. எங்கேயும் ஓடிப் போக மாட்டேன்."

அவன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். அவளை மெல்ல விலக்கி, குனிந்து, அம்மாவின் அக்குளுக்கடியில் கை கொடுத்தான்.

"காலைப் பிடி," என்றான்.

முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துபோய், இருவருமாக அவளைப் படகின் நடுப்பலகையில் உட்காரவைத்தார்கள். அவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் எடைக்குப் படகு அமிழும் என்று காத்திருந்தான். படகு ஒரு விரற்கடைகூட அமிழவில்லை.