தீயை நிறுத்திய நாள்

தலையில் ஈரச் சாக்கோடு ஒனோமே மண்கரை ஏறியபோது முகத்தில் சூடு அடிக்கவில்லை. கிணற்றில் எண்ணெயோடு வரும் எரிவாயுவை முப்பது வருடமாக அங்கே ஒரு குழாயின் வாயில் இரவும் பகலும் எரித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் அந்த அனலில்தான் மரவள்ளி மாவைக் காயவைப்பார்கள். கண் எரியும், மூச்சு இரைக்கும். நைஜர் கழிமுகத்து மழைக்காலத்தில் வேறு எங்கே போய்க் காயவைப்பது? இன்று குழாயின் வாயில் பொட்டு நெருப்புகூட இல்லை.

வெள்ளம் ஏறுகிறதென்று போன வாரம்தான் தோட்டத்துக் கிழங்கு முழுவதையும் பிடுங்கி ஊறவைத்திருந்தாள். பிழிந்த மாவு இன்றைக்குள் காயாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். அடுத்த அறுவடைவரை மூன்று பிள்ளைகளுக்கும் அதுதான் சாப்பாடு.

"உமுகோரோ, தீ எங்கடா?" காவலாளியைக் கேட்டாள். அவன் அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"நிறுத்திட்டாங்கக்கா. இனிமே கேஸ் எல்லாம் குழாய்ல கப்பலுக்குப் போகுது. வெளிநாட்டுக்காரன் வாங்குறானாம்."

"அப்போ நமக்குக் கரண்ட் வருமா?" என்றாள் தன் மாவுச் சாக்கோடு பின்னால் வந்த அண்டைவீட்டு டேகாவின் அம்மா.

"வரும், வரும். கம்பம் நட்டுப் பதினோரு வருஷம்தானே ஆச்சு."

"உன் வாய்லதான்டா அந்தத் தீயை வெச்சிருக்கணும்" என்றாள் அவள்.

வேலிக்கு அப்பால், தீயை நிறுத்தியதற்காகப் போட்ட விழாப் பந்தலில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். மைக்குக்கும் மின்விசிறிக்கும் லாரியில் ஜெனரேட்டர் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு ஊற்றிய டீசல்கூட வெளிநாட்டுக் கப்பலில் வந்து இறங்கியதுதான்.

ஒனோமே வேலிக்குள் நுழைந்து பந்தலின் பின்பக்கம் போனாள். ஜெனரேட்டரின் புகைக்குழாய் சுடச்சுட ஊதிக்கொண்டிருந்தது. அதன் எதிரே சாக்கை விரித்து மாவைப் பரப்பினாள்.

உமுகோரோ ஓடிவந்தான். "அக்கா, எடுத்துரு. என் வேலை போயிடும்."

"வேலை போனா நீ வேற வேலை தேடுவ. இது போனா நான் எதைடா தேடுறது?"

அவன் பந்தலைப் பார்த்தான். பிறகு முதுகைக் காட்டி, அவளை மறைத்துக்கொண்டு நின்றான். டேகாவின் அம்மாவும் தன் சாக்கை இழுத்து வந்து பக்கத்தில் விரித்தாள்.

"இந்த ஊர் மக்கள் இனி நிம்மதியாக மூச்சு விடலாம்" என்று மைக்கில் ஒருவர் சொன்னார். கை தட்டினார்கள்.

தட்டி முடிந்ததும் ஒருவன் வந்து ஜெனரேட்டரை நிறுத்தினான். ஒனோமே மாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மேலே கரி படிந்திருந்தது. அடியில் இன்னும் ஈரம்.