இளநீர் குடித்த கணினியின் கூடு

கீல் பெயர்ந்துவிட்டது என்பதற்காக வீட்டையே விற்பவர் எவரேனும் உண்டா? இக்கேள்வியைத் திண்டுக்கல் கடைவீதியில் ஒரு கணினிக் கடையில் நின்று நான் உரக்கவே கேட்டேன். கடையில் இருந்த அனைவரும் திரும்பிப் பார்த்தனர். என் மருமகன் ஜெரோம் மட்டும் தரையைப் பார்த்தார்.

அவர் தரையைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. என் மகள் வினோலியா, பழனிக்குமார் என்னும் கட்டடப் பொறியாளருக்காக வீடுகளின் உட்புறத்தைக் கணினியில் வரைந்து தருபவள். சுவர் எழும்புமுன்பே வீட்டுக்காரர் தம் கூடத்துக்குள் திரையில் நடந்து பார்க்கலாம். வியாழக்கிழமை மாலை, நூற்பாலையிலிருந்து திரும்பிய ஜெரோம் மின்கம்பியில் கால் இடற, அவளது மடிக்கணினி மேசையிலிருந்து தலைகுப்புற விழுந்தது. ஒரு பக்கத்துக் கீல், தான் பதிந்திருந்த அடிக்கூட்டையும் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மூடியைத் தாங்கிப் பிடித்தால் திரை எரிந்தது. அவள் பாதி வரைந்திருந்த வீடும் தெரிந்தது. கையை எடுத்தால் அணைந்தது. திங்கட்கிழமை அவ்வீட்டை அதன் உரிமையாளருக்கு நேரில் காட்டியாக வேண்டும்.

கடை இளைஞர் கணினியை இரு விரல்களால் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

“பாடி போச்சு சார். இதெல்லாம் ஸ்கிராப்புதான். எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிவிட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.”

அவருக்குப் பின்னால் ‘பழசுக்கு புதுசு’ என்று ஓர் ஆள் உயரப் பலகை தொங்கிற்று. இடையில் வர வேண்டிய ‘ப்’ என்னும் ஒற்றையே விட்டவர்கள், உடைந்த பொருளில் உடையாதது எது என்று எங்கே பார்க்கப் போகிறார்கள்?

“வித்துருவோம் மாமா” என்றார் ஜெரோம். “தப்பு என்னோடது. நானே மாசத் தவணை போட்டு வாங்கித் தாரேன்.”

வினோலியா எங்கள் இருவரையும் வாசலுக்கு இழுத்து வந்தாள்.

“ஏங்க, அவன் காட்டுறதுல ரேம் பாதிதான் இருக்கு. அதுல வீட்டத் தொறந்தா படியேறுறதுக்குள்ள நின்னுரும். இதுல உள்ள மாதிரி வேணும்னா, இப்ப விக்கிற வெலைக்கு நம்ம கைக்கு எட்டாது. உள்ளுக்குள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இத வித்தா என் வேலையையும் சேத்து வித்த மாதிரி.”

அதன்பின் விற்பதைப் பற்றி நான் யாரையும் பேச விடவில்லை. கூடு உடைந்தால் கூட்டை மாற்ற வேண்டும். ஆனால் அதே வகைக் கூடு எங்கே கிடைக்கும்?

அதற்கும் விடை வினோலியாவிடமே இருந்தது. கல்லூரியில் அவளும், நெய்க்காரப்பட்டியைச் சேர்ந்த பவித்ராவும் ஒரே நாளில் ஒரே வகை மடிக்கணினி வாங்கியவர்கள். பவித்ராவின் கணினி இறந்து ஓராண்டாகிறது. சனிக்கிழமை காலை நான் பழனிப் பேருந்து ஏறினேன்.

பவித்ராவின் தந்தை நல்லுசாமி, தென்னந்தோப்புக்காரர். நான் வந்த காரியத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

“ஏனுங்க வாத்தியாரய்யா, இந்தப் பொணத்தக் கேட்டா இத்தனை தொலவு வந்தீங்க? காருல இளநிக் குலை ஏத்தியிருந்தனுங்க. அடியில இது கெடந்தது எனக்கென்ன தெரியும்? ஒரு காய் விரிசல் உட்டு, ஓரத்து ஓட்டை வழியா உள்ள எறங்கிருச்சு. போர்டு போச்சுன்னுட்டாங்க. பாப்பா அழுத அழுகை இருக்குதே!”

விலை கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டார். “உள்ள எறும்பு குடியிருக்குதுங்க. அதுகளையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க. குடி கெளப்புறதுக்கு நான் காசு வாங்கறதில்லீங்க.”

கணினியின் உள்ளேதான் அழிவு. கீல்கள் இரண்டும் இறுக்கமாக இருந்தன. கூட்டில் ஒரு கீறலும் இல்லை. மூடியின்மேல் பவித்ரா ஒட்டியிருந்த மயில் படம் ஒன்று தோகை விரித்து நின்றது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் வேலை தொடங்கிற்று. வினோலியா முதலில் தன் கணினியைப் பிரித்தாள். கழற்றிய திருகாணிகளை இட்லித் தட்டின் குழிகளில் இட்டுவந்தாள். அடிமூடிக்கு ஒரு குழி, விசிறிக்கு ஒரு குழி, தாய்ப்பலகைக்கு ஒரு குழி. அத்தனை நேர்த்தியைக் கண்டு மகிழ்ந்த நான், நெய்க்காரப்பட்டிக் கூட்டை எறும்பு போக வெயிலில் வைக்க மொட்டைமாடிக்குப் போனேன். அந்நேரம் பொறியாளர் தொலைபேசியில் அழைக்க, அவளும் வெளியே வந்தாள்.

நாங்கள் திரும்பியபோது அடுப்பங்கரையிலிருந்து ஆவி பறந்தது.

“இட்லித் தட்டு எங்கங்க?” என்றாள் வினோலியா.

“அடுப்புல” என்றார் ஜெரோம், பெருமையோடு. “நீதான் வேலையா இருக்கியேன்னு நானே ஊத்திட்டேன். அதுல கெடந்த குப்பையெல்லாம் டம்ளர்ல தட்டி வச்சிருக்கேன். பத்திரமா இருக்கு.”

குப்பையா! என் வாயில் வந்த சொல்லை மருமகன் என்பதால் விழுங்கினேன். வினோலியா டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் அமர்ந்துவிட்டாள்.

“நீளமும் குட்டையும் கலந்து போச்சு. குட்டை எடத்துல நீளத்தப் போட்டா போர்டையே துளைச்சிரும். எது எங்கன்னு இனி எப்படிக் கண்டுபிடிக்க?”

“அம்புட்டையும் ஒரே அளவுல செஞ்சு தொலைச்சா என்னவாம்?” என்ற ஜெரோமின் குரல் பாதியிலேயே இறங்கிற்று. “வினோ, நாளைக்கு உம்முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. அப்போது வினோலியா சட்டென எழுந்தாள்.

“அப்பா! பவித்ராவோடத நாம இன்னும் தொறக்கவே இல்லயே!”

ஓடிச்சென்று அதை எடுத்துவந்தாள். ஆம், அதன் திருகாணிகள் அனைத்தும் தத்தம் இடத்திலேயே இருந்தன. அவளுடைய கணினிக்கு வேண்டிய அதே நீளம், அதே இடம். டம்ளரில் இருந்தவை தேவையே இல்லை. கூடு, தன் திருகாணிகளோடுதான் வந்திருந்தது.

இம்முறை தட்டை நம்பவில்லை அவள். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் கணினியின் வயிற்றை ஒரு வீட்டு வரைபடமாகவே வரைந்தாள். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் தாளில் குத்தி நிறுத்தினாள். உள்ளிருந்து எறும்புகள் சாரை சாரையாகப் புறப்பட்டன. ஜெரோம் பல் துலக்கும் தூரிகையால் அவற்றை வழியனுப்பினார்.

“இது ஹாலு, பேட்டரி. இங்க ஃபேன் வருது, இது அடுப்படி” என்றாள்.

“ஜெப ரூம் எங்க?” என்றார் ஜெரோம்.

“போர்டு வர்ற எடந்தான். அங்கயே பாத்து வேண்டிக்கிட்டு நில்லுங்க. கைய மட்டும் வச்சிராதீங்க.”

இளநீரின் பிசுபிசுப்பைத் துடைத்து, செத்த பலகையை அகற்றி, உயிருள்ள பலகையையும் திரையையும் புதிய கூட்டில் அமர்த்தினாள். நாட்காட்டித் தாள் வெறுமையாயிற்று. ஒரு திருகாணியும் மிஞ்சவில்லை. பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்தே கிடந்தது. ஜெரோம் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். பின்பு ஒளி வந்தது. பாதி வரைந்த வீடு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தது.

ஜெரோம் கூவிய கூவலில் எதிர்வீட்டார் சன்னலைத் திறந்தனர். கல்லாகிவிட்ட இட்லிகளை நாங்கள் மூவரும் மிச்சமின்றித் தின்றோம். வீட்டின் மறுபாதியை அவள் அன்று பொழுது சாயுமுன் வரைந்து முடித்தாள்.

மறுநாள் நாங்கள் மூவரும் போயிருந்த பொறியாளரின் அலுவலகத்துக்கு, வீடு கட்டும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி தம் மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மையார் திரையில் அடுப்பங்கரைக்குள் நுழைந்ததும், “ஏங்கண்ணு, சன்னலைக் கெழக்கால வச்சா வெளிச்சம் எப்படியிருக்கும்?” என்றார். வினோலியா அங்கேயே சன்னலை நகர்த்திக் காட்டினாள். அடுப்பின்மேல் காலை வெயில் விழுந்தது. “இதுதானுங்க என்ற வீடு” என்று அம்மையார் கணவரின் கையைப் பற்றிக்கொண்டார். வினோலியா வெளியே வரும்போது பழனிக்குமாரின் அடுத்த இரு வீடுகளை வரையும் வேலையும் அவளுக்கே வந்திருந்தது.

திரும்பும் வழியில், மின்கம்பியைச் சுவரோரமாகக் கொண்டுபோக நீட்டிப்புப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும் என்று ஜெரோமே அந்தக் கடைக்குள் நுழைந்தார். வினோலியா மேசைமீது வைத்த மயில் மூடிக் கணினியை அதே இளைஞர் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார்.

“எக்ஸ்சேஞ்ச் குடுக்கறீங்களா மேடம்? பாடி சும்மா புதுசு மாதிரி இருக்கு. உள்ளயும் நல்ல கான்ஃபிகரேஷன். நல்ல ரேட்டு போட்டுத் தரேன்.”

நான் வாய் திறக்குமுன் ஜெரோம் முந்திக்கொண்டார்.

“தம்பி, வெள்ளிக்கிழம நீ ஸ்கிராப்புன்னு சொன்னியே, அதே உசுருதான் இது. சட்டைய மட்டும் மாத்தியிருக்கோம். விக்கிறதுக்கில்ல. ஒயர் பெட்டி மட்டும் குடு.”

இளைஞர் மயிலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது மூடியின் விளிம்பிலிருந்து நெய்க்காரப்பட்டி எறும்பொன்று வெளிப்பட்டு, அவரது மேசையைக் கடந்து, ஒற்று விடுபட்ட அந்தப் பலகையை நோக்கி, பிழை திருத்தப் போவதுபோல் நிமிர்ந்த நடையில் சென்றது. அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.