மறுபடியும் ஒண்ணாம் வகுப்பு

"மறுபடியும் ஒண்ணாம் வகுப்பா?" என்று சந்தனமாரி கேட்ட கேள்வியில் அந்தத் தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது.

அறுப்புக்கு ஆத்தூர், பதநீர்க் காலத்துக்குச் சாயர்புரம் பக்கத்துப் பனங்காடு, மழை விழுந்தால் களையெடுக்கத் தூத்துக்குடிப் பக்கத்துக் கம்பங்காடு. வேலை கூப்பிட்ட ஊருக்கெல்லாம் ஓடிய குடும்பம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வேறு வழியும் இல்லை. மகள் சண்முகவடிவுக்குப் பத்து வயது. மூன்று ஊரிலும் அவளை 'அ'விலிருந்துதான் தொடங்க வைத்தார்கள்.

"முதல்ல படிச்ச ஆத்தூர்ப் பள்ளிக்கூடத்துச் சர்டிபிகேட் வேணும்மா. இல்லைன்னா ஒண்ணாம் வகுப்புதான்" என்றார் தலைமையாசிரியர் எபனேசர்.

மறுநாள் சந்தனமாரி களையெடுப்பை விட்டுவிட்டு, பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் ஏறி, வழியில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளி, ஆத்தூர் போய்ச் சேர்ந்தாள். "பேரையே அடிச்சாச்சு. என்ன சர்டிபிகேட்?" என்றார் அங்கிருந்த வாத்தியார். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுதித் தந்தாத்தான் எந்திரிப்பேன்."

மத்தியானம் ஒரு தாளை எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

அடுத்த நாள் எபனேசர் உறையைக் கிழித்துப் படித்தார். "ஒண்ணாம் வகுப்புன்னுதான் போட்டிருக்கு. இவளுக்கு வாசிக்கத் தெரியாதாம்."

சண்முகவடிவு எக்கி, தலைகீழாகத் தெரிந்த தாளை எழுத்துக் கூட்டினாள். "இருபத்தாறு நாள் வந்தாள். வாசிக்கத் தெறியாது." நிமிர்ந்து, "தெரியாதுக்குச் சின்ன ர தான சார்?" என்றாள்.

எபனேசர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூன்றாம் வகுப்புப் பதிவேட்டில் பெயரை எழுதினார்.

"இதை முந்தியே வாசிக்கச் சொல்லிப் பாத்திருக்கலாம்லா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சந்தனமாரி.

மாசியில் அவள் புருஷன் பிச்சையா மூட்டையைக் கட்டினான். "ஏளா, ஆத்தூர்ல அறுப்பு தொடங்கிட்டு. கெளம்பு."

"நீரு போம். பரீட்சை முடிஞ்சுதான் நாங்க வாரோம்."

"அதுக்குள்ள அறுப்பே முடிஞ்சிரும்!"

"முடியட்டும். இன்னொரு சர்டிபிகேட்டுக்கு அலைய என்னால ஆகாது."

கத்திப் பார்த்துவிட்டு அவன் தனியாகப் போனான். அவள் உப்பளத்தில் உப்புச் சுமந்தாள். கால் வெடித்துப் புண்ணாயிற்று. சாயங்காலம் வந்து அந்த எரிச்சலையெல்லாம் மகள்மேல் காட்டினாள். "வாசிளா!"

"வாசிப்பு வருது. கணக்குதான் வரமாட்டேங்கு!" என்று மகளும் கத்தினாள்.

பரீட்சையில் சண்முகவடிவு கணக்கில் மட்டும் தோற்றாள். ஆனாலும் நாலாம் வகுப்புக்குப் போகலாம் என்றார் எபனேசர்.

சந்தனமாரி அவரை விடவில்லை. "அந்தக் கணக்கைச் சொல்லிக் குடுக்காம இத்தன நாளும் என்ன செஞ்சிய?"