கையோடு வந்த போல்ட்டு

பன்றி வரும் என்று சின்னண்ணனுக்குத் தெரியும். துப்பாக்கி காலை வாரிவிடும் என்றும் தெரியும். தெரிந்தேதான் போனார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பனமரத்துப்பட்டி ஏரியைத் தாண்டி, மலையடிவாரத்தில் அவருடைய கடலைக்காடு. காய் முற்றுகிற நேரம். பொழுது சாய்ந்தால் போதும், காட்டுப்பன்றிகள் இறங்கி ஏர் ஓட்டின மாதிரி புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். அன்றைக்கு வரப்போரம் அவரும் காவல்காரன் சென்றாயனும் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை. பெரிய கடுவன் பன்றி ஒன்று புதரை விட்டு வெளியே வந்தது. முதல் குண்டு அதன் தோளைக் கீறிக்கொண்டு போயிற்று. காலித் தோட்டாவைத் தள்ளிவிட்டு அடுத்ததை ஏற்றுவதற்காக, கைப்பிடி வைத்த இரும்புத் தண்டான போல்ட்டைப் பின்னால் இழுத்தார். ஓர் இடத்தில் டக்கென்று நிற்க வேண்டிய போல்ட்டு நிற்காமல், உறையை விட்டு உருவின கத்தி போல முழுசாகக் கையோடு வந்துவிட்டது. ஒரு கையில் போல்ட்டு, ஒரு கையில் துப்பாக்கி, எதிரே அடிபட்ட பன்றி.

"சாமி, ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு சென்றாயன் தடியோடு குறுக்கே பாய்ந்தான். பன்றி அவன் தொடையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டது.

வண்டி கட்டிச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் அந்தக் கால் இனிமேல் பழையபடி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்றாயன் பெண்டாட்டி செல்லியம்மாள் வராந்தாவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, ஏசவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் சின்னண்ணனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அந்தத் துப்பாக்கியோடு அவர் மூன்று வருஷமாக மல்லுக்கட்டினார். போல்ட்டு வெளியே வராமல் பிடிக்கிற தடுப்பு ஒன்று துப்பாக்கியின் இடப்பக்கம் இருக்கும். அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதென்று நினைத்து ஊர்க் கொல்லனிடம் கொடுத்து வேறு ஸ்பிரிங் போட்டார். பிறகு சைக்கிள் டியூபை வெட்டித் தடுப்புக்கு அடியில் திணித்தார். செப்புக் கம்பியால்கூடக் கட்டிப் பார்த்தார். நாலு தரம் நிற்கும், ஐந்தாம் தரம் கையோடு வரும். ஊரார் கேட்டால் மட்டும், "அதுக்கென்ன, தங்கமாட்டம் இருக்குது" என்பார். சொல்லாமல் என்ன செய்வார்? கெட்டுப்போனது என்று சொன்னால் தம்பி காதுக்குப் போய்விடுமே!

தம்பி தங்கமுத்து அடுத்த வீடுதான். நடுவே ஒரு மண்சுவர். பாகம் பிரித்த நாளிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை. காடு, கிணறு, மாடு என்று எல்லாவற்றையும் அப்படித்தான் பிரித்தார்கள். அப்பன் சில வருஷ இடைவெளியில் வாங்கிய இரண்டு ஜெர்மன் துப்பாக்கிகளும் அப்படியே பிரிந்தன. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். தம்பி ஒன்றை எடுத்துக்கொண்டான், மிஞ்சியது இவருக்கு வந்தது. அதில் முதல் மாசமே போல்ட்டு கழன்றது. 'நல்லதைப் பார்த்து எடுத்துக்கொண்டு ஓட்டையை எனக்குத் தள்ளிவிட்டானே' என்று இவர் மனசில் அன்றைக்கு விழுந்த முடிச்சு, வருஷா வருஷம் இறுகிக்கொண்டே வந்தது.

மறுநாள் காலையில், வண்டியிலேயே கிடந்த துப்பாக்கியோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே செவ்வாய்ப்பேட்டைக்குப் போனார். அங்கே வெங்கடாசலம் என்பவர் துப்பாக்கி பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். யுத்தம் தொடங்கியதிலிருந்து சாமான் ஒன்றும் வராமல் அவரும் சலித்துப் போயிருந்தார்.

"இதென்னங்க, டியூபு?" என்று ரப்பர் துண்டை இடுக்கியால் பிடுங்கிப் போட்டார். "துப்பாக்கிக்குப் பஞ்சர் ஒட்டுனீங்களா?"

சின்னண்ணன் போல்ட்டையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

வெங்கடாசலம் தடுப்பைக் கழற்றிப் பார்த்தார். ஸ்பிரிங்கை அமுக்கி அமுக்கி விட்டார். தடுப்பின் மூக்கை நகத்தால் தடவினார். பிறகு போல்ட்டை எடுத்து மண்ணெண்ணெயில் துடைத்தார். அதில் வெட்டியிருந்த நம்பரின் பள்ளத்தில் பழைய குங்குமம் அப்பியிருந்தது. குச்சியால் சுரண்டிவிட்டு, துப்பாக்கியில் இருந்த நம்பரையும் பார்த்தார்.

"ஸ்பிரிங்கும் நல்லாருக்குது, மூக்கும் தேயலை. துப்பாக்கி மேல ஒரு குத்தமும் இல்லீங்க. இந்தப் போல்ட்டு இந்தத் துப்பாக்கியோடதே இல்லை."

"அதெப்படிங்க? ரெண்டும் ஒரே கம்பெனி."

"ஒரே கம்பெனிதான். ஆனா பழசுக்கு ஒரு அளவு, புதுசுக்கு ஒரு அளவு. உங்க துப்பாக்கி பழசு, போல்ட்டு புதுசு. புதுசுல, போல்ட்டு ஓரத்துல துருத்திக்கிட்டிருக்கற இந்தக் காதைச் சின்னதாக்கிட்டான். தடுப்பு பிடிக்கறதுக்கு ஒண்ணுமில்லாம நழுவுது. கடையாணி சேராத வண்டி எத்தனை தூரம் ஓடும்? இதோட ஜோடித் துப்பாக்கி யார்கிட்ட இருக்குதோ அவருக்கு வேற தொல்லை. போல்ட்டு பாதியிலேயே முட்டி நின்னுக்கும், ரெண்டாந் தோட்டா ஏறாது."

"புதுப் போல்ட்டு வரவழைச்சுப் போட்டா?"

"யுத்தம் நடக்குது, ஜெர்மன்காரன்கிட்ட யாருங்க போய்க் கேக்கறது?"

வண்டியில் திரும்பும்போது சின்னண்ணன் மாட்டை அதட்டக்கூட இல்லை. ஜோடி யாரிடம் இருக்கிறது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஒரே குடும்பமாக இருந்த கடைசி ஆயுத பூசை கண்முன் வந்தது. அப்பன் இரண்டு துப்பாக்கியிலிருந்தும் போல்ட்டைக் கழற்றித் துடைத்து, ஏர்க்கொழு, அரிவாளோடு ஒரே வாழையிலையில் வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார். மறுநாள் காலையில் அவரே எடுத்து மாட்டினார். புரை விழுந்த கண். ஐப்பசி கழிவதற்குள் அவரும் போய்விட்டார்.

தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள். இந்த இரண்டு மகாராசன்களுக்கும் ஆடுவதற்கு ஒருத்தன் சதை கிழிய வேண்டியிருந்தது!

பொழுது இறங்குவதற்குள் ஊர் வந்து, துப்பாக்கியோடு தம்பி வீட்டு வாசலில் ஏறினார். தங்கமுத்து மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"உன்ற துப்பாக்கியில ரெண்டாந் தோட்டா ஏறுதா?" என்றார் சின்னண்ணன்.

"ஆரு சொன்னாங்க?"

"ஏறுதாடா?"

தங்கமுத்து தட்டைக் கீழே போட்டான். "இல்லீங்ணா. பாதியில முட்டிக்குது. நீங்கதான பங்கு பிரிச்சீங்க. வேணும்னே என்ற தலையில கட்டிட்டீங்கன்னு நெனச்சுட்டிருந்தேன்."

"நீதானடா மொதல்ல எடுத்த! நல்லதா எடுத்துக்கிட்டயின்னு நானு..."

தங்கமுத்து உள்ளே போய்த் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்தான். போல்ட்டுகளை மாற்றி மாட்டினார்கள். அண்ணன் துப்பாக்கியில் இழுத்தால் கையோடு வராமல் டக்கென்று நின்றது. தம்பி துப்பாக்கியிலும் பாதியில் முட்டாமல் முழுசாக வந்து டக்கென்று நின்றது. தங்கமுத்து சின்னப் பையனாட்டம் சிரித்தான். சின்னண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷக் கோபமும் இறங்கிப் போயிற்று. மாட்டுத் தொட்டித் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் அண்ணன் தம்பி இருவரும் போனார்கள். தோளில் காயத்தோடு அதே கடுவன் வந்தது. அண்ணன் குண்டு ஒன்று, தம்பி குண்டு இரண்டு. விழுந்துவிட்டது.

வேட்டையில் அடிபட்டவன் வீட்டுக்குத்தான் பன்றியின் முதல் தொடை போக வேண்டும் என்பது முறை. அதைக் கூடையில் வைத்து, வேறு ஆளிடம் கொடுத்தனுப்பாமல் இருவருமே எடுத்துக்கொண்டு சென்றாயன் குடிசைக்குப் போனார்கள். புருசனுக்குக் கஞ்சி கொண்டுபோவதற்காகச் செல்லியம்மாள் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். கூடையைப் பார்த்தாள், அப்புறம் இவர்களைப் பார்த்தாள்.

"ரெண்டு சாமியும் ஒண்ணா வந்திருக்கீங்க."

"ஆமா செல்லி," என்று தங்கமுத்து ஆர்வமாகச் சொல்லத் தொடங்கினான். பூசையில் போல்ட்டு மாறிப்போனது, ஆளுக்கொரு சந்தேகத்தோடு கிடந்தது, மாற்றிப் போட்டதும் நொடியில் சரியானது எல்லாவற்றையும் சொன்னான். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"அப்ப, முந்தாநேத்து விடியக்காலைல நீங்க போயி உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா," என்று சின்னண்ணனைப் பார்த்தாள், "என்ற ஊட்டுக்காரரு தொடை முழுசா இருந்திருக்குமுங்களா, சாமி?"

தங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டான். என்னென்னவோ சமாதானங்கள் சின்னண்ணன் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. எதையும் சொல்ல அவருக்கு மனசில்லை.

"இருந்திருக்கும் செல்லி," என்றார்.

அவள் கூடையை வாங்கிக்கொண்டாள். "சரிங்க. ஒல கொதிக்குதுங்க, கஞ்சி கொண்டு போவோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.