குளித்த கல்

என் தங்கை என்னை முதன்முதலாக "நீங்க" என்று சொன்னது, நான் அவள் உதட்டைக் கிழித்த அன்று காலையில்.

கையில் இருந்தது, பீர் காய்ச்சும் தாமிரக் கொப்பரையைக் கிண்டும் மரத்துடுப்பு. ஓங்கியது நினைவிருக்கிறது, இறக்கியது நினைவில்லை. எனக்கு வாய் திறப்பதற்குள் கை பேசிவிடும். அவள் பீப்பாய்களுக்கு நடுவில் சரிந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாக ரத்தம் சொட்டியது. நான் செய்த முதல் காரியம், அது கொப்பரைப் பக்கம் போகாமல் தண்ணீர் ஊற்றித் தள்ளியது. நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

அவள் செய்த குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பீரை வாங்கி விற்கலாமா என்று பார்க்க ஒரு மதுக்கடைக்காரர் வந்திருந்தார். பீர் காய்ச்சுகிறவர்கள் எத்தனையோ பேர், கல்லைச் சுட்டுப் போட்டுக் காய்ச்சுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் நாங்கள் இருவர்தான். "கல்லுல கள்ளா?" என்று சிரித்தார். நூறு பேர் சொல்லிவிட்ட ஜோக். நானும் நூற்றியோராவது தடவை சிரித்து வைத்தேன். தங்கைதான் விளக்கினாள். முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த மால்ட் சாற்றை நாங்கள் அடுப்பில் ஏற்றுவதில்லை. கற்களை நெருப்பில் சிவக்க வைத்து, இரும்புக் கூடையில் அள்ளிச் சாற்றுக்குள் இறக்குவோம். சாறு சீறிக்கொண்டு கொதிக்கும். அதிலிருக்கும் சர்க்கரை கருகிக் கல்லின் மேல் ஓடு மாதிரி பிடித்துக்கொள்ளும். பிறகு அதே கற்களைப் பீப்பாயில் போட்டால் ஈஸ்ட் அந்தக் கருகிய சர்க்கரையை நாள்கணக்கில் தின்னும். எங்கள் பீருக்கு அந்தப் புகை ருசி வருவது அதனால்தான்.

"ஒரே ஒரு பயம்தான் சார். பீப்பாய்ல கெடந்த கல்லு ஈரத்தக் குடிச்சிருக்கும். நாப்பது நாள் காயணும். காயாம நெருப்புல போட்டா வெடிச்சிரும். அத நாங்க குளிச்ச கல்லும்போம்."

"பாத்தா ஒண்ணுபோலத்தான இருக்கு?"

"தட்டிப் பாக்கணும். காஞ்சது மணி மாதிரி கேக்கும், குளிச்சது தொப்புனு கேக்கும். அக்காதான் தட்டுவா. இப்பல்லாம் அவளுக்குக் காது சரியா கேக்கறதில்ல, அதனால நானும் கூட நிப்பேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். வாசல் கதவு சாத்தும்வரை பொறுத்திருந்தேன். அதுவே எனக்குப் பெரிய பொறுமை.

அவள் சொன்னது பொய்யா என்றால், இல்லை. ஆறு மாதமாக இடது காதில் வெறும் இரைச்சல்தான். வலது காதும் அதன் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. கல்லைத் தட்டிவிட்டு ஓரக்கண்ணால் தங்கையின் முகத்தைப் பார்ப்பேன். குளித்த கல் என்றால் அவள் புருவம் கொஞ்சம் ஏறும். உடனே ஏதோ நானே கேட்டதுபோல ஒதுக்கி வைப்பேன். அவளும் ஒன்றும் தெரியாதவள்போல நிற்பாள். ஆறு மாதமாக அவள் முகத்தில்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில்தான் அடித்தேன்.

முகம் கழுவிக்கொண்டு, ஈரத்துணியால் வாயைப் பொத்தியபடி வந்தாள். நான் கற்குவியலின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். போன வாரம் ஏதோ எரிச்சலில் கல் அடுக்கும் அலமாரியை நான் உதைத்ததில், காய்ந்ததும் குளித்ததும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து கிடந்தன. ஒரு கல்லை எடுத்துத் தட்டினேன். பார்த்தேன். கண்வரை வீங்கிப்போன முகம். புருவம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது காஞ்சதுதான?" என்றேன், சும்மா கேட்பதுபோல.

"நீங்க சொன்னா சரிதாங்க்கா."

பிறந்ததிலிருந்து "நீ, வா, போ" என்றே பேசியவள். துடுப்பால் அடித்தது நான்தான், ஆனால் அந்த "நீங்க" எனக்குத்தான் வலித்தது.

"என்னடி புதுசா மரியாதை? வாய்க்கொழுப்பா?"

"இல்லக்கா. நீங்க சொன்னா சரிதான்."

எனக்குக் கேட்கவில்லை, நீ சொல்லு. இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். தொண்டைவரை வந்தது. வீம்பு பிடித்தவளுக்குத் தொண்டைக்கு மேல் ஏது வழி? ஒவ்வொன்றாகத் தட்டி, பன்னிரண்டு கற்களை நெருப்பில் அடுக்கினேன்.

கற்கள் சிவக்க ஒரு மணி நேரம் ஆனது. நான் இடுக்கியோடு அடுப்பின் மேல் குனிந்தேன். கதவருகே நின்றவள் சட்டென்று முன்னால் ஓடி வந்தாள். வாய் திறந்திருந்தது, துணி கீழே விழுந்திருந்தது. அவள் நின்றது என் இடது பக்கம், கேட்காத காதின் பக்கம்.

அடுப்பு வெடித்தது. கன்னத்தில் யாரோ அறைந்ததுபோல இருந்தது. மல்லாந்து விழுந்தேன். உடம்பெங்கும் தணல். தாமிரக் கொப்பரையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, அதிலிருந்து சாறு பீய்ச்சி அடித்தது. முந்தானை பற்றிக்கொண்டது. தங்கை ஈரச்சாக்கால் என்னை அடித்தாள், அடித்தாள், தீ அணைந்த பிறகும் நான்கைந்து அடி அடித்தாள். அதை நான் எண்ணினேன், குறை சொல்லவில்லை.

புகை மெல்ல விலகியது. வலது காதின் மேல் கை வைத்தேன். கை ரத்தத்தோடு வந்தது. இரைச்சல்கூட இல்லை. அவள் உதடு அசைந்தது, பிளவில் மறுபடி ரத்தம் கசிந்தது. "நீ" என்கிறாளா, "நீங்க" என்கிறாளா?

அவள் எழுந்து குவியலிலிருந்து இரண்டு கற்களை எடுத்துக்கொண்டு வந்தாள். என் எதிரே மண்டியிட்டு, இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

என் கைகள் தாமாகவே முகத்தை மூடிக்கொண்டன.

ஒன்றும் விழவில்லை. விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் முகத்துக்கு நேராக, அவள் கல்லோடு கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் தூசி பறந்தது. தட்டிவிட்டு, கேட்கிறதா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி தட்டினாள்.